நீராகாரத்திலிருந்து வித்தவுட் வரை: தமிழ்நாட்டில் அன்றாட இனிப்பின் வரலாறு

தமிழ்நாட்டில் சர்க்கரைப் பொங்கல் என்று பெயர் பெற்ற உணவில், இன்று கடைகளில் சர்க்கரை என்று விற்கப்படும் வெள்ளைப் பொருள் சேர்வதில்லை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து வந்தபின் அதில் கரைவது வெல்லமே. இது பெயரிட்டவர்களின் பிழையன்று. சமஸ்கிருதத்தில் பருமணலையும் சரளையையும் குறித்த சர்க்கரா என்னும் சொல், பொடியாக உதிரும் பழுப்பு நிற வெல்லத்துக்கு ஆகிவந்து, அந்தப் பொருளிலேயே தமிழில் நெடுங்காலம் வழங்கியது. மலையாளத்தில் இன்றும் சர்க்கர என்றால் வெல்லமே. வெள்ளைச் சர்க்கரை பின்னால் வந்த பொருளாகையால் அதற்கு வேற்றூர்ப் பெயர்கள் தேவைப்பட்டன. சீனத்தோடு தொடர்புபடுத்தி அதைச் சீனி என்றனர். தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் அதுவே இன்றும் வழக்கு. பழைய சென்னை மாகாணத்தின் வட எல்லையில், கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த ஆலையின் சரக்கு தமிழகச் சந்தைகளுக்கு வந்தபோது, ஊர்ப்பெயரே பொருளின் பெயராகி, அஸ்கா என்று முதியோர் வாயில் நிலைத்தது. இன்று ஒடிசாவில் உள்ள அந்த ஊரைப் பார்த்திராத தலைமுறைகள் அதன் பெயரைச் சொல்லிச் செட்டியார் கடையில் பொட்டலம் வாங்கியிருக்கின்றன.

கரும்பு தமிழருக்குப் பழையது. தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்னும் செய்தி புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் வாக்காக உள்ளது; பெரும்பாணாற்றுப்படை கரும்பு பிழியும் எந்திரத்தின் ஒலியையும் பாகு காய்ச்சும் இடத்தைச் சூழ்ந்த புகையையும் காட்டுகிறது. பிற்காலத்தில் பஞ்சாலை, நூலாலை என எந்தத் தொழிலுக்கும் பொருந்திப்போன ஆலை என்னும் சொல், தொடக்கத்தில் கரும்பு பிழியும் இடத்தையே குறித்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்னும் பழமொழி ஏளனமாக வழங்கினாலும், அதில் ஒரு பொருளியல் உண்மை அடங்கியிருக்கிறது: கரும்பு வளர நீர்வளம் வேண்டும், பிழியக் காளைகள் வேண்டும், காய்ச்ச விறகு வேண்டும், இவை மூன்றும் கூடாத ஊர்கள் பல இருந்தன, அங்கெல்லாம் இனிப்பு அரிதாகவே கிடைத்தது.

அரிதாகக் கிடைத்த பொருள் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டிருந்தது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இறைவனின் திருவமுதுக்கான பொருள்களுள் ஒன்றாகச் சர்க்கரை பலக் கணக்கில் அளந்து குறிக்கப்படுகிறது. பலம் என்பது சித்த மருத்துவ அளவையில் ஏறத்தாழ 35 கிராம். வீடுகளில் தைப் பொங்கலுக்குப் பொங்கல், விநாயகர் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை, கார்த்திகைக்கு வெல்லப்பாகில் பிடித்த பொரியுருண்டை, தீபாவளிக்கு அதிரசம், கோடைத் திருவிழாக்களில் வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகம் என்று இனிப்புக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாள்களில் உண்ட அளவு குறைவென்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு விருந்துக்கும் அடுத்த விருந்துக்கும் இடையில் நாவு இனிப்பை மறந்திருக்க நேரம் இருந்தது, உடலுக்கும் அவ்வாறே.

தென்பகுதியில் இந்தக் கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தியது பனை. திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடுகளில் மழையையும் ஆற்றையும் எதிர்பாராமல் நின்ற பனைமரங்களிலிருந்து, பனையேறிகள் நாள்தோறும் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயங்களைக் கட்டிப் பதநீர் இறக்கினர். சுண்ணாம்பு இல்லையென்றால் சாறு சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகிவிடும். ஒரு விரல் தடவிய சுண்ணாம்பே கள்ளுக்கும் கருப்பட்டிக்கும் இடையிலான வேறுபாடு. இறக்கிய பதநீரைப் பனைமட்டையும் ஓலையும் எரித்து வீட்டுப் பெண்கள் காய்ச்சினர். பாகு நூல்பதம் தாண்டி இறுகும் தறுவாயில் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றப்பட்டதால், கருப்பட்டி இன்றளவும் அரைக்கோள வடிவில் இருக்கிறது. 1849இல் ராபர்ட் கால்டுவெல் இம்மக்களைப் பற்றி எழுதிய சிறுநூல், அவர்களது வாழ்க்கை முழுவதும் பனையைச் சுற்றியே அமைந்திருந்ததைப் பதிவு செய்தது. அவரது முடிவுகள் பல அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளாயின என்பதும் சேர்த்துச் சொல்லத்தக்கது. பதநீர்க் காலத்தில் அந்தச் சாறு ஓர் உணவாகவே இருந்தது. ஆனால் மரம் ஏறி இறங்கும் உழைப்புக்கு நடுவே உண்ட இனிப்பு அது.

காலைப் பொழுதின் பானம் வேறு. இரவில் மிஞ்சிய சோற்றில் ஊற்றிய நீர் விடியலுக்குள் இலேசாகப் புளித்து நீராகாரமாகும். அதில் உப்பிட்டு, கிடைத்தால் மோர் கலந்து, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது உழவர் முதல் ஊர்ப் பெரியவர் வரை பொதுவாக இருந்தது. தமிழரின் இனிப்பு வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இந்தக் காலைக் குவளையில்தான் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்து நடுத்தர வகுப்பினரிடம் தொடங்கி ஊர்ப்புறங்களுக்குப் பரவிய காப்பி, நீராகாரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த மாற்றம் அக்கால மக்களை எவ்வளவு கலக்கியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ விரித்துரைக்கிறது. புளிப்பும் உப்புமாக இருந்த காலைப் பானம் இனிப்பாக மாறியது என்னும் கோணத்தில் அதே மாற்றத்தைப் பார்த்தால், உடல்நலத்தைப் பொறுத்தவரை காப்பிக்கொட்டையைவிட அதனோடு வந்து சேர்ந்த கரண்டியே முதன்மையானது என்பது விளங்கும்.

வெல்லம் இருக்கும்போது வெள்ளைச் சர்க்கரை ஏன் அந்தக் குவளையை வென்றது என்பதற்கு விடை பெரும்பாலும் சமையலறையிலேயே இருக்கிறது. கொதிக்கும் பாலில் வெல்லத்தையோ கருப்பட்டியையோ இட்டால் பால் திரிந்துபோகக்கூடும். வெல்லப் பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டபின் பால் சேர்ப்பது இதனால்தான். கருப்பட்டிக் காப்பி பெரும்பாலும் பாலில்லாத கடுங்காப்பியாக இருந்ததற்கும் இதுவே காரணம். பித்தளை வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறங்கிய டிகாக்‌ஷனில் நுரைத்த பசும்பாலை ஊற்றி டபராவில் ஆற்றும் புதிய காப்பிக்கு, பாலைத் திரிக்காத, நிறத்தைக் கெடுக்காத, தன் மணத்தைத் திணிக்காத ஓர் இனிப்பு தேவைப்பட்டது. தும்பைப்பூப் போன்ற வெண்மை விருந்தினர் முன் வைக்கப் பெருமையாகவும் இருந்தது. வெல்லத்தை உடைக்க வேண்டும், தூசி நீக்க வேண்டும், கரைத்து வடிகட்ட வேண்டும். சர்க்கரைக்கோ டப்பாவும் கரண்டியும் போதும். உடைக்கும் சிரமம் போனதும் சேர்க்கும்போது இருந்த தயக்கமும் போயிற்று.

உற்பத்தியின் வரலாறு இதற்கு உடன் ஓடியது. 1840களில் தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் சர்க்கரை ஆலையை நிறுவியது. கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகள் ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்டனர். 1860 நவம்பரில் டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியதும் இந்த வரலாற்றின் பகுதியே. மலிந்த சர்க்கரையின் விலையில் அந்த மனிதர்களின் கணக்கு ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லஸ் ஆல்பிரட் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், சாறு நிறைந்த நாட்டுக்கரும்போடு நாணல் இனத்துக் காட்டுக்கரும்பைக் கலந்து, வறட்சியையும் நோயையும் தாங்கும் புதிய வகைகளை உருவாக்கினர். அவற்றுள் முதலாவதான கோ 205, 1918இல் வெளியானது. 1932இல் ஜாவா சர்க்கரையின் இறக்குமதிக்கு எதிராகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், சில ஆண்டுகளிலேயே இந்திய ஆலைகளின் எண்ணிக்கை பல மடங்காயிற்று.

இதே காலத்தில் தேயிலையும் வந்தது. 1903 முதல் தேயிலை மீது வசூலிக்கப்பட்ட தனி வரியைக் கொண்டு விளம்பரம் நடத்தியவர்கள், 1930களில் அந்தப் பானத்தை இந்திய நகர்களிலும் சந்தைகளிலும் முனைப்போடு பரப்பினர். பாலும் சர்க்கரையும் சேர்ந்த தேநீர் உழைப்பாளரின் பானமாகி, பசியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடும் மலிவான வழியுமாயிற்று. இனிப்பு இவ்வாறு நாட்காட்டியிலிருந்து கடிகாரத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆண்டுக்கு ஆறேழு நாளாக இருந்தது நாளுக்கு இரண்டு முறையானது, பின்பு மூன்றானது. ஒவ்வொரு கூடுதலும் ஒரு கரண்டி என்னும் அற்ப அளவிலேயே வந்ததால், கூடுகிறது என்று எவரும் குறித்துவைக்கவில்லை.

அந்த அற்ப அளவைக் கூட்டிப் பார்ப்பது எளிது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை நிற்கும். தம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு இரண்டு தம்ளர் என்றால் 16 கிராம்; மாதத்துக்கு 480 கிராம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் தலைக்கு மாதம் 500 கிராம், அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ என்று சர்க்கரை வழங்கப்பட்டுவந்த அளவு, இந்த இரண்டு தம்ளர்க் கணக்கோடு ஒட்டிவருவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் காப்பியும் தேநீரும் குடும்ப அட்டை வரை வந்துவிட்ட அன்றாடத் தேவைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அரிசிக்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை பெறும் சர்க்கரை அட்டை என்றே ஒரு வகையும் இங்கே உண்டு. 2017 நவம்பரில் நியாயவிலைச் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் வயிற்றுப்பாட்டின் குரலே ஒலித்தது, நோயைப் பற்றிய பேச்சு இல்லை.

நோயும் பெயரளவில் பழையதே. சிறுநீர் இனிக்கும் நிலையை ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் மதுமேகம் என்று அறிந்திருந்தன. நீரிழிவு என்னும் தமிழ்ச்சொல் நீர் மிகுதியாக வெளியேறுவதைக் குறிக்கிறது. சர்க்கரை நோய் என்னும் பேச்சுவழக்குப் பெயரோ சற்றுத் தவறாக வழிகாட்டுகிறது. சர்க்கரை தின்பதால் மட்டும் வருவது, அதை விட்டால் போய்விடுவது என்ற இரு மயக்கங்களையும் அது வளர்த்திருக்கிறது. மரபு, உடலுழைப்புக் குறைவு, வயிற்றுக் கொழுப்பு, தீட்டிய வெள்ளையரிசி ஆகியவை யாவும் சேர்ந்து உண்டாக்கும் நோயில் கரண்டிச் சர்க்கரை ஒரு பங்கே. ஆயினும் அன்றாடம் மாற்றக்கூடிய பங்கு அது.

சென்னையில் 1948 முதல் ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு நடத்திய காலத்தில், இந்நோய் வசதியுள்ளோர் நோயாகவே கருதப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் அந்த எண்ணம் கலைந்தது. சென்னை நகரத்துப் பெரியவர்களிடையே நடந்த அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் நீரிழிவு உள்ளோர் 1989இல் 8.3 விழுக்காடு, 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004இல் 14.3 என்று பதிவாயினர். இந்த ஏற்றமும் கரண்டிகளின் ஏற்றத்தைப் போலவே படிப்படியானது. எந்த ஓர் ஆண்டிலும் நகரம் திடுக்கிட்டு எழும் அளவுக்கு எண் தாவவில்லை.

இறங்குமுகத்துக்கான சான்றுகளுள் ஒன்று தொலைவிலிருந்து வந்தது. பிரிட்டனில் 1940 ஜனவரியில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பர் வரை நீடித்தது. ஆள் ஒன்றுக்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 8 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 227 கிராம் கிடைத்தது. பங்கீடு நீங்கியதும் சராசரி நுகர்வு நாளுக்குச் சுமார் 41 கிராமிலிருந்து ஏறத்தாழ இரு மடங்காயிற்று. கருவிலும் பிறந்த முதல் ஈராண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தைக் கழித்தவர்களையும் அதற்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வொன்று, முன்னவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடும் குறைந்திருந்ததாகக் கண்டது. கவனிக்கத்தக்கது, பங்கீடு இனிப்பை ஒழிக்கவில்லை என்பதே. பங்கீட்டில் மட்டுமே நாளுக்குச் சுமார் எட்டுக் கரண்டி சர்க்கரை அந்தக் குழந்தைகளின் தாய்மாருக்குக் கிடைத்தது. போர் விதித்த கட்டுப்பாட்டை எந்த அரசும் இன்று விதிக்கப்போவதில்லை. ஆனால் குறைப்பு அளவோடு இருந்தாலும் அதன் பலன் அரை நூற்றாண்டு கழித்துக்கூட உடலில் தெரிந்தது என்பது சிறு செய்தியன்று.

உள்ளூர்ச் சான்று சென்னையிலேயே கிடைத்தது. நீரிழிவின் வாசலில் நின்றவர்கள், அதாவது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை இயல்புக்கு இறங்காமலும், நோய் என்று சொல்லும் அளவுக்கு ஏறாமலும் இருந்தவர்கள், 531 பேரை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 2006இல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாகினர். சர்க்கரையைத் தவிர்த்து, தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்தைச் சேர்த்து, நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39.3 விழுக்காட்டினரே அந்நிலையை அடைந்தனர். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் பெற்றவர்களின் எண் 40.5. மாத்திரையும் பழக்கமாற்றமும் ஏறத்தாழச் சமமாக நின்றன என்னும் இந்த முடிவு, மருந்துக் கடையின் முன் நிற்கும் கூட்டத்துக்கு இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

பழக்கம் எப்படி மாறுகிறது என்பதற்கு நாவின் இயல்பு ஒரு விடை தருகிறது. அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஒரு சோதனையில், எளிய சர்க்கரைகளிலிருந்து பெறும் ஆற்றலில் 40 விழுக்காட்டைக் குறைத்து உண்டவர்களுக்கு, இரண்டாம் மாதத்திலிருந்து அதே இனிப்புக்கூழ் முன்னைவிட அதிகமாக இனிக்கத் தொடங்கியது. கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் பழைய அளவுக்கே திரும்பினர் என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் கூறுகிறது. பழகினால் நாவு இரண்டு மாதத்தில் இறங்கிவரும், விட்டால் விரைவில் ஏறிவிடும். இரண்டு கரண்டி போட்டவர் ஒரே நாளில் வெறுங்காப்பிக்குத் தாவும்போது அது கசப்பதும், நான்காம் நாள் அவர் மீண்டும் டப்பாவைத் தேடுவதும் மனவுறுதியின் குறை என்று சொல்லப்பட்டுவந்தன. உண்மையில் நாவுக்கு வேண்டிய கால அவகாசம் தரப்படவில்லை, அவ்வளவே. இரண்டை ஒன்றேமுக்காலாக்கி, அது பழகியபின் ஒன்றரையாக்குபவர், ஏறிவந்த அதே படிகளின் வழியே இறங்குகிறார்.

இதற்கிடையே நெடுஞ்சாலை ஓரங்களில் கருப்பட்டிக் காப்பிப் பலகைகள் பெருகியிருக்கின்றன. நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு ஆகியவையும் மருந்துக்கு நிகரான மரியாதையோடு விற்கப்படுகின்றன. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பு முதலிய தாதுக்கள் ஓரளவு உண்டு, மணம் உண்டு, பனையேறிகளுக்கு அதனால் வாழ்வும் உண்டு. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரைதான்; நீரிழிவு உள்ளவரின் இரத்தம் நிறத்தைப் பார்த்து வேறுபடுத்துவதில்லை. மூன்று கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒன்றரைக் கரண்டி வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லது என்று கருதுவது, இக்கால ஆரோக்கியப் பேச்சின் மிகச் செலவான தவறுகளுள் ஒன்று. உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வகுத்த நெறி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், இயன்றால் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பின்னது நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு கரண்டி. இந்தக் கணக்கில் வெல்லமும் தேனும் அடங்கும்.

தேநீர்க் கடைகள் இந்த வரலாற்றுக்குத் தமக்கேயுரிய சொற்களைத் தந்துள்ளன. சர்க்கரை முற்றிலும் இல்லாத தேநீருக்கு ‘வித்தவுட்’ என்று பெயர். முழுச் சர்க்கரைக்குப் பெயரே இல்லை, ஏனெனில் டீ என்றாலே அது சேர்ந்ததுதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘சர்க்கரை கம்மி’. அதற்கு அளவு கிடையாது. மாஸ்டரின் மணிக்கட்டே அளவு. பெரும்பாலான கடைகளில் சர்க்கரைதான் முதலில் கிளாசுக்குள் விழுகிறது, பாலும் டிகாக்‌ஷனும் அதன் மேல்தான் ஊற்றப்படுகின்றன. ஆகவே கம்மியாக வேண்டுபவர், மாஸ்டர் கிளாசை எடுத்து வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.